பொறியும் இல்லை, உருகலும் இல்லை: மின்னோட்டச் சின்டரிங் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

மின்னோட்டச் சின்டரிங் முறையில், அச்சில் நிரப்பிய பொடிக்குள் மின்சாரம் பாய்ந்ததும் துகள்களுக்கிடையே பொறி பறந்து, பிளாஸ்மா எனப்படும் மின்னூட்டமுற்ற வாயு உண்டாகி, அது பொடியை நொடியில் உருக்கி வார்த்துவிடுகிறது என்னும் பேச்சு, பொறியியல் மாணவர்களின் ஆய்வேடுகளிலும் கருவி விற்போரின் விளக்கங்களிலும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இது தவறு. இந்த நம்பிக்கைக்கு வித்திட்டது 1960களில் ஜப்பானின் கியோஷி இனூவே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றபோது முன்வைத்த கருதுகோள்; முறைக்கு ‘ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங்’ என்ற பெயர் நிலைத்துவிட்டதால், சோதித்துப் பாராமலே அது பாடமாகவும் ஆகிவிட்டது.

சின்டரிங் என்பது பொடியை உருக்காமல், உருகுநிலைக்குக் கீழேயே சூடாக்கி, துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டிப்படுத்துவதாகும். மின்னோட்ட முறையில், உட்சுவரில் கிராஃபைட் தாள் சுற்றிய கிராஃபைட் உருளையில் பொடியைக் கொட்டி, மேலும் கீழும் கிராஃபைட் தண்டுகளால் அழுத்தி, வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோ வைத்து, பத்து வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் துடிப்புகளாகச் செலுத்துவர். மின்னடுப்புச் சுருள் சிவப்பதைப் போல அச்சே சூடேறுகிறது. நிமிடத்துக்கு 100 டிகிரியும் அதற்கு மேலும் வெப்பம் உயர்வதால், பொடியிலுள்ள நுண்படிக மணிகள் வீணே பருக்கும் தாழ்வெப்பக் கட்டம் விரைவில் கடந்துபோகிறது. அணுக்கள் துகள்களின் தொடுமுனைகளுக்கு நகர்ந்து கழுத்துபோன்ற இணைப்புகளை வளர்க்க, அழுத்தம் இடைவெளிகளை மூடுகிறது. முறையின் மெய்யான சிறப்பு இந்த வேகமும் அழுத்தமும்தான்.

பிளாஸ்மா வாதத்தை வீழ்த்த அலுமினா ஒன்றே போதும். மின்சாரம் கடத்தாத அப்பொடியின் வழியே ஏறக்குறைய எந்த மின்னோட்டமும் செல்வதில்லை. எல்லாம் அச்சின் வழியே போகிறது. ஆயினும் அலுமினா தன் 2072 டிகிரி உருகுநிலைக்கு வெகு கீழே, 1200 முதல் 1400 டிகிரிக்குள்ளேயே இறுகிவிடுகிறது. ஏவுகணை முனைகளுக்கும் ஒலியைப் பன்மடங்கு மிஞ்சும் வேகக் கலங்களுக்கும் ஆராயப்படும் சிர்கோனியம் டைபோரைடின் உருகுநிலை ஏறத்தாழ 3245 டிகிரி. அதை 2000 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கெட்டியாக்குகின்றனர். இதில் உருகியது எது? 2008-இல் ‘ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபிசிக்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஒளியுமிழ்வு அளவீடு, நேரடிப் பார்வை, அதிவேக மின்னழுத்தப் பதிவு ஆகிய மூன்று வழிகளிலும் தேடி, பொறியோ பிளாஸ்மாவோ இல்லை என்று அறிவித்தது. அதற்குப் பின்னும் பொறி பறக்கும் பழைய படத்தையே நகலெடுத்து ஒட்டுவது அறிவுச் சோம்பலன்றி வேறில்லை.

பொடி உருகுவதில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. சென்னை ஐஐடியில் பி.எஸ். மூர்த்தி, ரவி சங்கர் கொட்டாடா ஆகியோரின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து உலோகப் பொடிகளைச் சமபங்கில் சேர்த்து உருண்டைகள் மோதி அரைக்கும் ஆலையில் அரைத்து, பின்னர் இம்முறையால் கெட்டிப்படுத்தினர். அரைப்பில் பெற்ற நுண்மணிகளைக் காப்பதற்காகவே இம்முறை நாடப்படுகிறது. பொடி உருகியிருந்தால் அம்மணிகள் அத்தனையும் அழிந்திருக்கும்.

பிற நம்பிக்கைகளுக்கு நீண்ட விடை தேவையில்லை. எந்த வடிவமும் வரும் என்பது பொய். வட்டு, உருளை போன்ற எளிய வடிவங்களே இயல்பாக வரும், ஒட்டிய கிராஃபைட் தாளையும் தேய்த்தெடுக்க வேண்டும். உயர்வெப்பம் தாங்கும் பொருள் காற்றில் கெடாது என்பதும் பொய். சிர்கோனியம் டைபோரைடு ஆக்சிஜனோடு வினைபுரியும், அதனாலேயே சிலிக்கான் கார்பைடு சேர்க்கப்படுகிறது. திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரங்களிலும் உடுமலை வட்டாரத்து நூற்பாலைகளிலும் நூல் உரசி ஓடும் அலுமினா வளையங்களை இம்முறைக்கு மாற்றலாம் என்று கனவு காண்போரும் உளர். ஆயிரக்கணக்கில் அச்சழுத்தி ஒரே உலையில் சுட்டெடுக்கும் பொருளுக்கு ஒவ்வொன்றாக அழுத்தும் இயந்திரம் எதற்கு?

கருவியின் பெயரைக் கேட்டு மயங்குவதை விடுத்து, அடர்த்தியை அளக்கும் பழக்கத்தைத் தொழிற்கல்லூரிகள் முதலில் கற்பிக்க வேண்டும். துல்லியமான தராசும் ஒரு குவளை நீரும் இருந்தால் ஆர்க்கிமிடீஸ் முறைப்படி நுண்துளைகள் எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதைக் கணக்கிட்டுவிடலாம். செராமிக் உதிரிபாகம் வாங்கும் ஆலையினர் அடர்த்தி, கடினத்தன்மை ஆகிய இரு எண்களையும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே பணம் கொடுக்கட்டும்.