முள்ளும் மெய்வெப்பமும்

தமிழாசிரியனுக்கு எஞ்சினோடு என்ன உறவு என வினவும் அன்பர் உளர். சில யாண்டுகளுக்கு முன், சாரணர் பாசறைக்குரிய கூடாரங்களும் அரிசி மூடைகளும் ஏற்றிய பிக்கப் ஒன்றிலே, சாரதியின் அருகிருந்து கண்டியினின்று நுவரெலியாவுக்கு யாம் ஏறிச் சென்ற நாளில் அவ்வுறவு தொடங்கிற்று. றம்பொடை ஏற்றத்திலே வெப்பங் காட்டும் முள் நடுவிலே அசையாது நின்றது. பின்னர்ச் சற்றே தாழ்ந்தது. "மலைக்காத்துக்கு எஞ்சின் குளிருது, சேர்" என்றார் சாரதி. யாமும் மகிழ்ந்தோம். சிறிது தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. றேடியேற்றரின் கீழ்க்குழாய் வெடித்து நீர் முழுவதும் ஒழுகியிருந்தது. சிலிண்டர்த் தலையும் கோணிவிட்டது. பேருந்தில் முன்னே சென்ற பிள்ளைகள் அன்றிரவு கூடாரமும் உணவுமின்றிக் குளிரிற் காத்திருந்தனர்.

முள் ஏன் பொய்த்தது? வெப்பத்தை அறியும் உணரி நீரில் அமிழ்ந்திருத்தல் வேண்டும். நீர் நீங்கியபின் அது வெறுவெளியில் நிற்கும். அங்கே எஞ்சின் எரியினும் அதற்கு அவ்வெப்பம் செவ்வனே எட்டாது. ஆகவே முள்ளின் வீழ்ச்சி எமக்கு நற்செய்தியன்று, அபாயச் செய்தியே. இன்னுமொன்று. அண்மைக்கால வண்டிகள் பலவற்றிலே, சாரதி வீணே கலங்காதிருத்தற்பொருட்டு, வெப்பம் ஏறக்குறைய 80 பாகையிலிருந்து 100 பாகை கடக்கும்வரையும் முள் நடுவிலேயே நிற்குமாறு அமைத்துள்ளனர். மானி என்னும் பெயர்க்கு இஃது அழகோ என மொழியாசிரியர் கேட்கலாம்.

அமுக்கத்தையும் இங்கே நோக்குக. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்தது. அங்கே திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 94 பாகையிற் கொதிக்கும். றேடியேற்றர் மூடி அமுக்கத்தைத் தாங்குவதனாலேயே 100 பாகையிலும் எஞ்சின் நீர் கொதியாதிருக்கின்றது. குழாயிற் கசிவு நேர்ந்தால் அமுக்கம் போய்விடும். வழக்கமான வெப்பநிலையிலேயே நீர் கொதித்துவிடும். முள்ளோ அப்போதும் நடுவிலே நிற்கும்!

மெய்யான எண்ணைக் காணும் வழி இக்காலத்தில் எளிது. வண்டியின் கணினிக்குரிய பொருத்தி பெரும்பாலும் சுக்கானின் கீழே இருக்கும். சிறு கருவியொன்றை அதிற் செருகினால் கைபேசியில் வெப்பநிலை தோன்றும். கணினி 0 முதல் 255 வரையுள்ள எண்ணொன்றை அனுப்ப, அதனின்று 40ஐக் கழிக்கக் கிடைப்பதே செல்சியசுப் பாகை. கணித மாணவர் இதனைச் சரிபார்த்துக் கொள்க. பெரும்பாலான எஞ்சின்களுக்கு 85 முதல் 100 வரை இயல்பு. 105ஐக் கடப்பின் கியரைக் குறைத்துக் குளிரூட்டியை நிறுத்துக. 110ஐக் கடப்பின் வண்டியை ஓரங்கட்டுக. சூடாறுமுன் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் முகத்திலே பாயும்.

எனினும் இவ்வெண்ணும் உணரியின் வாக்கே. நீர் வற்றினால் இதுவும் பிறழும். ஆகலின் காலைதோறும், எஞ்சின் சூடேறுமுன், சேமப்போத்தலின் நீர்மட்டத்தைக் கண்ணாற் காண்டல் வேண்டும்.

சென்ற பாசறைப் பயணத்திலே பின்னிருக்கைச் சாரணன் ஒருவன் எண்ணை உரக்க வாசித்து வந்தான். ஏற்றத்திலே "நூற்றாறு, சேர்" என்றான். சாரதி உடனே கியரைக் குறைத்தார். லபுக்கலையை அடையுமுன் தொண்ணூற்றேழு என்றான். அன்றிரவு கூடாரங்கள் நேரத்துக்கே எழுந்தன.