பொடியைக் கொட்டாதீர்கள், மாத்திரையை விடாதீர்கள்



அம்மா இரண்டு மாதமாகச் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியை மட்டும் வெந்நீரில் கலந்து குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொட்டாதீர்கள். கொட்டினால் அம்மா ஒளித்து வைத்துக் குடிப்பார், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவார். ஆனால் இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துப்போய், ரத்தம் பரிசோதித்து, மாத்திரையைத் திரும்பத் தொடங்க வேண்டும்.

அம்மா நம்புகிற சிறுகுறிஞ்சான் இலையில் விஷயம் இருக்கிறது. பச்சை இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்கிற மாதிரி இருக்கும். 1887-இல் ஊட்டியில் அரசுப் பணியில் இருந்த டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் இந்த இலையை ஆராய்ந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைச் சிறிது நேரம் அடைப்பது அதுதான். நாக்கில் இனிப்பு மறைவதைப் பார்த்து, ரத்தத்திலும் அப்படியே மறைந்துவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு.

ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சண்முகசுந்தரம் குழுவினர் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு, அவர்கள் சாப்பிட்டுவந்த மாத்திரையோடு கூட, இந்த இலையிலிருந்து எடுத்த சத்தைத் தினம் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, மாத்திரையின் அளவையும் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் மாத்திரையை விடவே முடிந்தது. சிறிய ஆய்வுதான், நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் போலி மருந்து கொடுத்து ஒப்பிட்டதும் அல்ல. இருந்தாலும் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இலைக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த ஆய்விலேயே யாரும் முதல் நாளில் மாத்திரையை வீசவில்லை. 22 பேரில் 17 பேருக்கு அது கடைசிவரை தேவைப்பட்டது.

ஆயுர்வேதமும் வெறும் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பவில்லை. பிரமேக (நீரிழிவு வகை) நோயாளிகளில் பருத்தவர், மெலிந்தவர் என்று சரகர் பிரித்து, முன்னவரை இளைக்க வைக்கவும் பின்னவரைத் தேற்றவும் சொன்னார். உணவில் பார்லிக்கு முக்கிய இடம் கொடுத்தார். சுஸ்ருதரோ நோயாளியை நூறு யோசனை தூரம் நடக்கச் சொன்னார். ஆளைப் பார்த்த பிறகுதான் மருந்து. கடைக்காரர் உங்கள் அம்மாவின் நாடியைக்கூடத் தொட்டிருக்கமாட்டார்.

பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட சில சர்க்கரைப் பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மருந்தையே சத்தமில்லாமல் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை சட்டென்று இறங்கியதைப் பார்த்து இலையைப் புகழ்கிறவர்களில் சிலர் புகழ்வது அந்த மாத்திரையைத்தான். ‘நீரிழிவு பூரண குணம்’ என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அப்படி எழுதியிருந்தால் அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

பொட்டலத்தை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பொடியும் மாத்திரையும் சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் உடனே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: இன்சுலின் போட்டுக்கொள்ளும் அக்கா மகனுக்கும் இந்தப் பொடியைக் கொடுத்து ஊசியை நிறுத்தப் பார்க்கலாம் என்கிறாராம் அம்மா. என் தூக்கத்தைக் கெடுத்த வரி அது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்து, ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். எந்த இலைக்கும் அந்த இடத்தை நிரப்பும் சக்தி இல்லை. அம்மாவிடம் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம். அக்காவுக்கு இன்றிரவே போன் செய்துவிடுங்கள்.