சுரங்கப்பாதை எங்கே வரணும்? ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்க!

வீடு சாலைக்கு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். நடுவில் நான்குவழிச் சாலை வருகிறது. ஆடு, மாடு, டிராக்டர் எல்லாம் எப்படிக் கடக்கும்? வேலை பாதி முடிந்த பிறகுதான் பல ஊர்களில் இந்தக் கேள்வி எழுகிறது. ஆனால் இதற்கான பதில் அதற்கு முன்பே காகிதத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. அது எப்போது, எந்தக் காகிதத்தில்? பார்ப்போம்.

நம்ம ஊர் உதாரணம்

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744, மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டி வழியாகப் போகிறது. திருமங்கலம் – ராஜபாளையம் இடையே இதை நான்குவழியாக்கும் பணி, திருமங்கலம் – வடுகபட்டி, வடுகபட்டி – தெற்கு வெங்காநல்லூர் என இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இப்படியொரு சாலை வரும்போது ஊருக்குள்ளேயே அகலப்படுத்தலாம். கடைகளும் வீடுகளும் போகும். புறவழிச்சாலை போடலாம், விளைநிலம் போகும். இவைதான் மாற்று வடிவமைப்புகள். எதிலும் ஒரு இழப்பு உண்டு. அதனால் நிலம், செலவு, பாதுகாப்பு, நீர்வழி, பராமரிப்பு என ஒரே அளவுகோல்களை வைத்து எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். 'டி.பி.ஆர்.' எனப்படும் விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போதே இந்த ஒப்பீடு நடந்துவிடும்.

ஒப்பந்தம் என்ன செய்யும்?

இன்றைய பெரிய சாலை ஒப்பந்தங்களில் விரிவான வடிவமைப்பையும் பெரும்பாலும் ஒப்பந்ததாரரே செய்கிறார். பாலத்துக்கு எந்த வகை அடித்தளம், எந்த வகைத் தூண் என்பதில் அவர் மாற்று வழியை முன்வைக்கலாம். தரவிதிகளுக்குள் இருக்கிறதா என்று பொறியாளர் சரிபார்ப்பார். ஆனால் எத்தனை சுரங்கப்பாதை, எந்தெந்த இடத்தில் என்பது ஒப்பந்தத்தோடு இணைத்த 'அட்டவணை பி'யில் முன்பே இருக்கும். அதில் இல்லாத ஒன்றைப் பிறகு சேர்த்தால் அது 'பணி அளவு மாற்றம்'. தனி மதிப்பீடு, தனி ஒப்புதல், கூடுதல் பணம் எல்லாம் தேவை. முடியாது என்றில்லை, இழுக்கும், அவ்வளவுதான்.

வரைபடத்தில் எதைப் பார்க்கணும்?

உயரம்: நான்குவழிச் சாலைக்கான விதிகளில் முழு அளவு வாகனச் சுரங்கப்பாதைக்கு 5.5 மீட்டர், இலகுரக வாகனப் பாதைக்கு 4 மீட்டர் உயரம். காரும் ஆட்டோவும் இரண்டிலும் போகும். வைக்கோல் உயரமாக ஏற்றிய லாரி 4 மீட்டரில் இடிக்கலாம். 'சுரங்கப்பாதை உண்டு' என்ற பதிலோடு நின்றுவிடாதீங்க. எந்த வகை என்று கேளுங்க.

தண்ணீர்: சாலைக்கான மண்மேடு, கண்மாய்க்கு வரும் கால்வாயை மறித்துவிடக் கூடாது. சிறுபாலம் எங்கே, எவ்வளவு அகலம் என்று பாருங்க. பாதையைத் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டினால் மழைநீர் தேங்கும். தண்ணீரை எளிதில் உறிஞ்சாத கரிசல் மண்ணில் இது இன்னும் சிக்கல். பிரதான சாலையை உயர்த்துவது ஒரு மாற்று. ஆனால் மண்ணும் செலவும் கூடும்.

போனிலேயே செய்யக்கூடியவை

1. சாலையோரம் வாகனக் கணக்கெடுப்பு, அளவீடு, மண் பரிசோதனை நடக்கிறதா? டி.பி.ஆர். வேலையாக இருக்கலாம். அப்போதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்க. மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். ஒப்பிட்ட மாற்றுப் பாதைகள், உத்தேச சுரங்கப்பாதைப் பட்டியல், நீர்வழி ஆய்வு மூன்றையும் கேளுங்க. ஒப்பந்தம் கையெழுத்தான திட்டம் என்றால் அட்டவணை பி நகல் கேளுங்க.

2. நிலம் எடுக்கும் அறிவிப்பு அரசிதழில் வந்ததும், அதிலுள்ள சர்வே எண்ணைத் தமிழ்நாடு அரசின் இ-சேவைகள் நில ஆவணத் தளத்தில் உங்கள் பட்டா, புலப்படத்தோடு ஒப்பிடுங்க.

3. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன் பிரிவு 3சி-படி, அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமை உள்ளவர் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபிக்கலாம். அதிகாரி நேரில் கேட்பார். கவனிச்சீங்களா? ஆட்சேபத்துக்கு 21 நாள், ஆர்டிஐ பதிலுக்கு 30 நாள். அறிவிப்பு வந்த பிறகு ஆர்டிஐ போட்டால், பதில் வரும் முன்பே ஆட்சேபக் கெடு முடிந்துவிடலாம்.

4. நிலம் போகாவிட்டாலும் பாதை உங்களுக்கும் வேண்டும். கிராம ஊராட்சி என்றால் கிராமசபையில் தீர்மானம் போடுங்க. பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் வையுங்க. ஆட்சியரின் மக்கள் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். தீர்மானம் உத்தரவு ஆகாது. ஆனால் முன்கூட்டியே கேட்டதற்கு அது பதிவு.

மனுவில் 'எங்களுக்குப் பாலம் வேண்டும்' என்று மட்டும் எழுதாதீங்க. கடக்கும் இடம், ஒரு நாளில் கடக்கும் வண்டிகள், மாணவர்கள், கால்நடைகளின் எண்ணிக்கை, அடுத்த சுரங்கப்பாதை வரை சுற்ற வேண்டிய தூரம் இவற்றைச் சேருங்க. இடத்தின் மேப் லொகேஷனும் இரண்டு படமும் இணைத்தால், பொறியாளர் கையில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாற்று இருக்கும்.