மின்னஞ்சலுக்கு ஒரு வாடிவாசல்

மதுரைக்கு அருகிலுள்ள அலங்காநல்லூரில் தை மாதம் மூன்றாம் நாள் நடக்கும் ஜல்லிக்கட்டைப் பற்றி அறியாதவர் இல்லை. அங்கு வரும் காளைகள் எல்லாம் நேரே வாடிவாசலுக்குள் புகுந்துவிட முடியாது. அனுமதிச் சீட்டு இருக்கிறதா? கால்நடை மருத்துவர் தகுதிச் சான்று தந்திருக்கிறாரா? 'ஆம்' என்றால் உள்ளே. 'இல்லை' என்றால் திரும்ப வேண்டியதுதான். நமக்கு வரும் மின்னஞ்சல்களையும் இப்படி வாசலிலேயே நிறுத்திச் சோதிக்கலாம். கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் அந்தச் சோதனைக்கு 'விதி' என்று பெயர்.

வேண்டாத கடிதம் ஏன் வருகிறது?

தபாலில் ஆயிரம் பேருக்கு எழுதினால் ஆயிரம் தபால்தலை வேண்டும். மின்னஞ்சலில் ஒருவருக்கு அனுப்புவதற்கும் ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவு ஏறத்தாழ ஒன்றே. 1978 மே மாதத்தில், இணையத்தின் முன்னோடியான 'ஆர்பாநெட்' வலையில், கேரி தூர்க் என்ற கணிப்பொறி விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பெற்றவர்களில் பலர் சினம் கொண்டனர். ஆனால் வழி திறந்துவிட்டது!

இது வெறும் தொல்லை மட்டுமன்று. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. இடம் ஒதுக்கப்பட்டதும் சில நாட்களுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தி இருநூறு விளம்பரங்களுக்கு அடியில் கிடந்தால் என்ன ஆகும்?

விதியின் இரு உறுப்புகள்

ஒவ்வொரு விதியிலும் ஒரு நிபந்தனையும் ஒரு செயலும் உண்டு. "அனுப்புநர் இன்ன முகவரியானால்" என்பது நிபந்தனை. "விளம்பரம் என்ற பெட்டியில் போடு" என்பது செயல். அனுப்புநர் முகவரி, கடிதத் தலைப்பு, உள்ளே வரும் சொல் ஆகியவற்றைக் கொண்டு நிபந்தனை அமைக்கலாம். கணிப்பொறியில் ஜிமெயிலைத் திறந்து, தேடும் கட்டத்தின் வலது ஓரத்துக் குறியை அழுத்தினால் இவற்றுக்கான இடங்கள் தோன்றும். அவற்றை நிரப்பிய பின், என்ன செய்ய வேண்டும் என்று அது கேட்கும்.

சொல்லால் வரும் சிக்கல்

"பரிசு என்ற சொல் இருந்தால் ஒதுக்கு" என்று ஒரு விதி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சில மென்பொருள்கள் எழுத்துத் தொடரை மட்டுமே பார்க்கும். அவற்றில் 'பரிசுத்தம்' என்ற சொல்லும் மாட்டிக்கொள்ளும். அதன் முதல் மூன்று எழுத்துகள் 'பரிசு' அல்லவா? அதே வேளையில் "காரைப் பரிசாகப் பெறுங்கள்" என்ற மோசடிக் கடிதம் தப்பிவிடும். 'சு' என்பது 'சா' ஆகிவிட்டதே! வேற்றுமை உருபு ஏறினால் வடிவம் மாறும் நம் மொழியில், ஒரே சொல்லை நம்பி எழுதும் விதி எளிதில் ஏமாறும்.

இங்கே இரண்டு வகைத் தவறுகளைக் காண்கிறோம். வேண்டாததை உள்ளே விடுவது ஒன்று. வேண்டியதை வெளியே தள்ளுவது மற்றொன்று. முதல் தவறால் ஒரு நிமிடம் வீணாகும். இரண்டாவது தவறால் ஒரு கல்லூரி இடமே கைவிட்டுப் போகலாம். ஆகவே விதி எழுதும்போது இரண்டாவதற்கே அதிகம் அஞ்ச வேண்டும்.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. முதலில், வேண்டிய கடிதங்களுக்கு விதி எழுதுங்கள்: பள்ளி, தேர்வுத்துறை, கலந்தாய்வு முகவரிகள் ஒருபோதும் ஒதுக்கப்படாமல் இருக்கட்டும். இரண்டாவதாக, 'அழித்துவிடு' என்னாமல் 'தனிப் பெட்டியில் போடு' என்று கட்டளையிடுங்கள். மூன்றாவதாக, வாரம் ஒருமுறை ஒதுக்கப்பட்டவற்றைப் பாருங்கள். ஜிமெயிலின் 'ஸ்பேம்' பெட்டியில் 30 நாட்களைக் கடந்தவை தாமே அழிந்துவிடும்.

தானே கற்கும் வடிகட்டி

நாம் விதி எழுதாவிட்டாலும் அஞ்சல் நிறுவனங்கள் நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டு வடிகட்டுகின்றன. வேண்டாத கடிதங்கள் 100-இல் 40-இலும், வேண்டியவை 100-இல் 2-இலும் 'லாட்டரி' என்ற சொல் வருவதாகக் கொள்வோம். இருவகையும் சம அளவில் வந்தால், அச்சொல் உள்ள 42 கடிதங்களில் 40 வேண்டாதவை. அதாவது ஏறக்குறைய 95 விழுக்காடு. பல சொற்களுக்கும் இவ்வாறு கணக்கிட்டுச் சேர்த்துப் பார்ப்பதே ஒரு முறை. இதன் அடிப்படை, தாமஸ் பேயஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி, அவர் மறைந்த பின் 1763-இல் வெளியான கட்டுரையில் உள்ளது. கணக்கு 95 என்றாலும் மீதி 5 உண்டு என்பதை மறவாதீர்கள்.

செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாமலே இதைச் செய்யலாம். வீட்டிலுள்ள கைப்பேசிக்கு வந்த 20 குறுஞ்செய்திகளின் முதல் வரிகளைத் தாளில் எழுதுங்கள். வேண்டியவை, வேண்டாதவை எனப் பிரியுங்கள். பிறகு ஒரே ஒரு விதி எழுதி, அதன்படி உங்கள் நண்பரைப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர் சொந்த யோசனை எதையும் சேர்க்கக்கூடாது. இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு இருவகைத் தவறுகளையும் எண்ணுங்கள். விதியை எப்படித் திருத்தினால் இரண்டாவது வகைத் தவறு பூஜ்யமாகும்? அப்போது முதல் வகைத் தவறு எவ்வளவு கூடுகிறது?