பீமில் வெடிப்பு: பூசுமுன் வாசிப்போம்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், 2009இன் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது ஊர் திரும்பின. கூரையின்றிப் பல மாரிமழைகளில் நனைந்து நின்ற வீடுகளே அவர்களை வரவேற்றன. அத்தகைய வீட்டைத் திருத்தும்போது நாம் பொதுவாகச் செய்வது, பீமில் உள்ள வெடிப்பைச் சாந்தினால் மூடி வெள்ளையடிப்பதுதான். அடுத்த மாரி கழிய அதே இடத்தில் வெடிப்பு மீண்டும் தோன்றுகிறது. காய்ச்சலைப் போல வெடிப்பும் ஓர் அறிகுறி. காரணத்தை அறியாமல் மருந்து கொடுக்க முடியாது.

பீம் பாரத்தைத் தாங்கும் விதம்

கொங்கிறீற்று நெரிப்பை நன்கு தாங்கும். இழுவையைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். சுமை ஏறும்போது பீம் சிறிது வளைகிறது. மேற்புறம் நெரிபட, கீழ்ப்புறம் இழுபடுகிறது. அந்த இழுவையைத் தாங்கவே கீழ்ப்புறத்தில் கம்பி இடுகிறோம். கம்பி தன் வேலையைத் தொடங்கும்போது அதைச் சுற்றியுள்ள கொங்கிறீற்று மயிரிழைபோல வெடிப்பது இயல்பே. ஆகவே எல்லா வெடிப்பும் ஆபத்தானதல்ல.

வெடிப்பு எங்கே, எப்பக்கம் ஓடுகிறது?

1. பீமின் நடுப்பகுதியில், கீழிருந்து மேலாக நிமிர்ந்த வெடிப்பு: வளைவினால் வருவது. 0.3 மில்லிமீற்றருக்கு, அதாவது மூன்று எழுதுதாள்களின் தடிப்புக்கு, உட்பட்டதாயின் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. அகன்றுகொண்டே போனாலோ பீம் கண்ணுக்குத் தெரியத் தொய்ந்தாலோ சுமை கூட, அல்லது கம்பி போதாது.

2. சுவருக்கோ தூணுக்கோ அருகில் சரிவாக ஓடும் வெடிப்பு: மிக ஆபத்தானது. கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் போதாதவிடத்து வருவது. இத்தகைய பீம் அதிக எச்சரிக்கையின்றி முறியலாம்.

3. கீழ்க் கம்பியின் நீளத்துக்கு ஓடும் வெடிப்பு, துருக்கறையுடன்: உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது.

4. சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் தட்டின் மேற்புறத்தில், சுவரோடு ஒட்டி வரும் வெடிப்பு: இங்கே இழுவை மேற்புறத்தில். கொங்கிறீற்றுப் போடும்போது மேற்கம்பியைக் காலால் மிதித்துக் கீழே இறக்கியிருந்தால் இது நேரும். அதன் கீழே எவரும் நிற்கலாகாது.

உப்பு என்னும் எதிரி

எமது குடாநாட்டில் மூன்றாவது வகையைக் குறித்தே கூடுதல் கவனம் வேண்டும். இங்கே வற்றாத ஆறு இல்லை. ஆற்று மணலும் இல்லை. கரையோரங்களிலும் தீவுகளிலும் பல கிணறுகள் உவர். கடற்கரை மணலையும் உவர்நீரையும் சேர்த்துக் குழைத்தால் உப்பைப் பீமுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிறோம். நல்ல கொங்கிறீற்று கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பு அதை அழிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கிறது. பிளவினூடாக நீர் புக, துரு மேலும் விரைகிறது.

பாறைமேல் கட்டிய வீட்டின் உவமையை நாம் அறிவோம். வலிகாமத்தில் பல வீடுகளின் அத்திவாரம் சுண்ணாம்புப் பாறைமேல்தான் நிற்கிறது. ஆயினும் உப்பு மணல் பீமுக்குள் இருந்தால் கீழேயுள்ள பாறை கூரையைக் காக்காது.

பழைய வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் மேற்பூச்சைத் தட்டி எடுத்து, வெடிப்பு பூச்சிலா கொங்கிறீற்றிலா எனப் பாருங்கள். கொங்கிறீற்றிலானால் அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்துக் கூழால் ஒட்டித் திகதியை எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு வளர்கிறது. சரிந்த வெடிப்பானால் காத்திராமல் உடனே முண்டு கொடுத்து, பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமோ பொறியியலாளரிடமோ காட்டுங்கள்.

துருவானால், முண்டு கொடுத்தபின் தளர்ந்த கொங்கிறீற்றைக் கம்பியின் பின்புறம்வரை கொத்தி எடுத்து, கம்பியை மினுங்கும்வரை தேய்த்து, நன்னீரால் கழுவி, புதுக் கொங்கிறீற்றால் நிரப்ப வேண்டும். மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி தேவை. பீம் முழுவதும் உப்பு ஊறியிருந்தால் ஒட்டுவேலை நிலைக்காது; பீமையே மாற்றுவதுதான் வழி.

புதிதாகக் கட்டுவோருக்கு

• குழைக்கவும் நனைக்கவும் நன்னீரையே பயன்படுத்துங்கள். நாக்கில் உப்புக் கரித்தால் அந்த நீர் ஆகாது.
• கடல் மணலைத் தவிருங்கள். உப்புச் சந்தேகமான மணலை நன்னீரால் நன்கு கழுவுங்கள்.
• 50 கிலோ சீமெந்துப் பைக்கு ஏறத்தாழ 25 லீற்றர் நீர் போதும். மணல் ஈரமானால் அதிலும் குறையுங்கள்.
• கம்பிக்கும் பலகைக்கும் இடையே சாந்துக் கட்டைகள் வையுங்கள்: வீட்டினுள் 25 மில்லிமீற்றர், கடலோரத்தில் 40க்குக் குறையாமல்.
• குறைந்தது 7 நாட்கள் ஈரச்சாக்குப் போட்டு நனையுங்கள். பீமின் கீழுள்ள முண்டுகளை 14 நாட்களுக்கு முன் எடுக்காதீர்கள்.

இவற்றுள் பல, பணத்தைவிடக் கவனத்தையே கேட்பவை.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் எந்தக் கிணறுகளின் நீர் கொங்கிறீற்றுக்கு ஏற்றது?
2. பாடசாலை, ஆலயம், வாசிகசாலை ஆகியவற்றின் பீம்களைச் சென்று பாருங்கள். நான்கில் எவ்வகை வெடிப்பு உள்ளது?
3. ஆபத்தான பீமின் கீழ் வாழும் குடும்பம் தனியே செலவைத் தாங்க முடியாதபோது, சங்கமாக நாம் என்ன செய்யலாம்?