மூளைக்காய்ச்சல் வைரசுகளை வேறு பிரித்தறிதல்

புதுக்குடியிருப்புப் பகுதிக் கமக்காரர்களே! காலபோக மாரியில் வயல்களில் நீர் நிற்கும் மாதங்களில் ஒருவருக்குக் கடுங்காய்ச்சலும் தலையிடியும் கண்டு, வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் தொடருமாயின் அது மூளைக்காய்ச்சலாயிருக்கலாம். இதனை உண்டாக்கும் வைரசுகள் பல. குறிகளோ பெரிதும் ஒன்றே. இரத்தத்தையும் முள்ளந்தண்டு நீரையும் சோதித்தே இன்ன வைரசு என்று துணிதல் வேண்டும். எனினும், எதைத் தேடிச் சோதிப்பது என்பதற்கு நீங்கள் கூறும் விவரங்களே வழிகாட்டும்.

நெல் வயல் சூழ்ந்த இடங்களில் முதலிற் கருதத்தக்கது யப்பானிய மூளைக்காய்ச்சல். 1985-86 இல் அனுராதபுரப் பகுதியில் இது பெருவாரியாகப் பரவியது. 1988 முதல் தடுப்பூசி ஏற்றப்படுகிறது. வயல்நீரிற் பெருகி, அந்தி தொடங்கி இரவிற் கடிக்கும் கியூலெக்சு நுளம்பே, கொக்குகளிலும் பன்றிகளிலும் உள்ள வைரசை மனிதருக்குக் கொணர்கிறது. சினைப்பன்றி கன்று சிதைக்கலாம். ஏனைய வளர்ந்த பன்றிகள் நோயுற்றனவாகத் தோன்றா.

இவ்வடையாளத்தைக் கவனியாததால் நேர்ந்த கேடு பெரிது. 1998 இல் மலேசியாவில் ஈப்போ அருகே பன்றி வளர்ப்போரிடையே மூளைக்காய்ச்சல் தோன்றியது. யப்பானிய நோயென்றே எண்ணி நுளம்பு மருந்து தெளித்தனர், தடுப்பூசியும் ஏற்றினர். நோய் அடங்கவில்லை. பன்றிகள் இருமி மடிந்தன. அவற்றைக் கையாண்ட வளர்ந்தோரே பெரும்பாலும் வீழ்ந்தனர். தடுப்பூசி பெற்றவர்களும் தப்பவில்லை. நுளம்பு ஆள் பார்த்துக் கடிப்பதில்லையே! 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் புதிய வைரசைக் கண்டனர். அதுவே நிப்பா, பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கு வந்தது. அந்நோய்ப் பரவலில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 10 இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

விசர்நாய்க்கடி வைரசும் மூளையையே தாக்கும். நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகையால் நாய் கடித்தவுடன் காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரிற் கழுவி, அன்றே ஊசிக்குச் செல்லுதல் வேண்டும். ஏர்ப்பீசு வைரசுக்குப் பருவமுமில்லை, நுளம்புமில்லை. ஆனால் அதற்கு மருந்து உண்டு, காலந்தாழ்த்தாது கொடுத்தால் மட்டுமே பயன்தரும். யப்பானிய நோய்க்கு அத்தகைய மருந்து இல்லை. எனவே “மாரிக்காய்ச்சல்தானே” என்று வீட்டில் வைத்திருத்தல் ஆகாது.

வைத்தியசாலையில் இவற்றைக் கூறுக: காய்ச்சல் தொடங்கிய நாள், நாய்க்கடி, அண்மையிற் பன்றிப்பட்டி, பட்டியில் நோய் அல்லது சாவு, ஏற்றிய ஊசிகள். பிள்ளையாயின் ஊசிப் பதிவு அட்டையைக் கையோடு கொண்டு செல்க.

பன்றிப்பட்டியை வீட்டினின்றும் தூரத்தே அமைக்க. பயிர் இடந்தருமாயின் வயலை இடையிடையே வடித்து உலர விடுக. புழு நுளம்பாகுமுன் மடியும்.