கேட் கீப்பரும் கல்லூரி விடுதியும்

ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவனுக்கு மாணவர் மனநலத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் வெளியூர்ப் பொறியியல் கல்லூரியில் படித்து வந்தான். உடம்பு சரியில்லை என்று தகவல் வந்து, அவனை அழைத்துவரத் தகப்பனாருடன் நானும் போனேன். விடுதி மெஸ்ஸில் பரிமாறும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் சொன்னார்: "பதினைந்து நாளாகப் பையன் தட்டைத் தொட்டுவிட்டு எழுந்து போகிறான். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நான் யாரிடம் போய்ச் சொல்வது?"

பையன் பிழைத்தான். ஒரு வருடப் படிப்புதான் போயிற்று. ஆனால் 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் மாண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது.

எங்கள் கீமேன் தினமும் தம் எல்லைக்குள் தண்டவாளத்தை நடந்தே பார்ப்பார். விரிசல் கண்டால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவார். மேலே தகவல் கொடுப்பார். ரயிலை வெட்டி ஒட்டுவது அவர் வேலையன்று. எஞ்சினியருக்கு முன்னால் விரிசலைப் பார்ப்பவர் அவர்தான். விடுதியிலும் அப்படியே. பேராசிரியர் மாணவனைப் பார்ப்பது வகுப்பில் ஒரு மணி நேரம். மெஸ் ஆள், காவலாளி, அலுவலக குமாஸ்தா, நூலக உதவியாளர் ஆகியோர் அன்றாடம் பார்க்கிறார்கள். இவர்களுக்குத் தரும் பயிற்சிக்கு அந்தத் துறையில் வழங்கும் பெயரே 'கேட் கீப்பர்' பயிற்சி! (நம் லெவல் கிராசிங் ஆசாமிக்கு இத்தனை மரியாதையா என்று சிரித்துக்கொண்டேன்.)

1995-இல் பால் குவினெட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை மூன்றே படிகளில் அடக்கினார்: கேள், இணங்க வை, உரியவரிடம் அனுப்பு. சாப்பாடு குறைவது, வகுப்புக்கு வராமல் இருப்பது, பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற பேச்சு ஆகியவற்றைக் கவனிக்கக் கற்றுத் தருகிறார்கள். பிறகு தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். இதில்தான் பலரும் தயங்குகிறார்கள். "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம். அது தவறு, கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, பாரம் குறையவே செய்யும். வாய் கூசாமல் கேட்க வேண்டுமானால் இருவர் இருவராக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். சுவரொட்டி ஒட்டினால் போதாது. "எங்கள் காலத்தில்..." என்று ஆரம்பிக்கக் கூடாது (இது எனக்கே கஷ்டமான பாடம்). யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது. ஆபத்து என்று தோன்றினால் தனியே விடாமல், ஆலோசகரிடம் கூடவே நடந்து போய்ச் சேர்க்க வேண்டும்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்களின்படி, ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்தப் பயிற்சி கட்டாயம். நூறு மாணவர்களுக்குக் குறையாத நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பாடத்தை ஆங்கிலத்தில் படிப்பார்கள், கடையில் இந்தி பேசுவார்கள். மனக்கஷ்டம் என்று வந்தால் வாயில் தமிழ்தான் வரும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில், 14416 என்ற எண்ணில், தமிழிலும் பேசலாம். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் உண்டு. விடுதி ஊழியருக்கும் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது வேறு கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். சேர்க்கப் போனபோது தகப்பனார் கட்டணம் கட்டும் கவுண்டரிலேயே, "உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கடைசியாக எப்போது நடந்தது?" என்று கேட்டார். குமாஸ்தா திருதிருவென விழித்தார். பக்கத்தில் நின்ற வார்டன்தான், "பிப்ரவரியில் நடந்தது சார். மெஸ் ஆட்களும் உட்கார்ந்தார்கள்" என்றார்.